குடிபோகும் நாள்
(தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் மாதச் சந்திப்பில், சிங்கப்பூர் சிராங்கூன் சாலையை அடுத்த மண்டபத்தில் ஆற்றப்பட்ட உரை)



செயலாளர் அவர்கள் என்னைப் பேச அழைத்தபோது, சம்பளத்தைப் பற்றியோ போனஸைப் பற்றியோ பேசச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். அவரோ, "வீடு மாறுவதைப் பற்றிப் பேசுங்கள். நம்மவரில் சிலர் புது வீட்டுக்குப் போகவிருக்கிறார்கள், போய்விட்டு வந்தவர்களோ அது உடைந்தது, இது தொலைந்தது என்று நிற்கிறார்கள்" என்றார். இதைப் பேச உனக்கென்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நான் ஆறு முறை வீடு மாறியவன். முதல் முறை தோட்டத்து லயத்திலிருந்து. கடைசி முறை மூன்றாண்டுகளுக்கு முன், ஈசூனில் என் மகள் வாங்கிய அடுக்குமாடி வீட்டுக்கு. ஆறில் நான்கு முறை பிழை செய்தேன். அந்தப் பிழைகள்தாம் என் தகுதி.

முதல் முறையைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

1970ஆம் ஆண்டு. ஜொகூரில் ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். என் தகப்பனார் பால்மரம் வெட்டியவர். அவருக்குச் சிவப்பு அடையாளக் கார்டு. மலேசியாவில் 1968ஆம் ஆண்டு வந்த சட்டப்படி, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய 'பெர்மிட்' வேண்டும் என்று ஆனதல்லவா? இங்கிருக்கும் மூத்தவர்களுக்கு அந்த நாட்கள் நன்றாக நினைவிருக்கும். எத்தனையோ குடும்பங்கள் அப்போது பெட்டி கட்டிக் கப்பலேறின. எங்கள் தகப்பனாருக்கும் பெர்மிட் கிடைக்கவில்லை. வேலை போயிற்று. தோட்டத்திலே வேலை போனால் வீடும் போகும். வீடு நம்முடையது அல்லவே. மாதக் கடைசிக்குள் லயத்தைக் காலி செய்யவேண்டும் என்று கிராணியார் வந்து சொல்லிவிட்டுப் போனார். அவர் மேல் குற்றமில்லை. சொல்லச் சொன்னார்கள், சொன்னார்.

கடைசி நாள் ஒரு லாரி கிடைத்தது. தார்ப்பாய் இல்லாத லாரி. எங்கள் குடும்பத்துப் பத்திரங்களெல்லாம் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. பெட்டி சிறியது, ஆனால் உறுதியானது. உறுதியாக இருந்ததே வினையாயிற்று. அம்மி ஆடாமல் இருக்கட்டும் என்று அதை அம்மிக்கு அண்டை கொடுத்து வைத்தார்கள். வழியில் மழை. பெட்டியின் மூடி நசுங்கி வாய் பிளந்தது. இறக்கிப் பார்த்தபோது காகிதமெல்லாம் கூழ்.

என் தம்பி 1958இல் பிறந்தவன். மலாயா சுதந்திரம் பெற்ற பிறகு அந்த மண்ணில் பிறந்தவன். பிறந்ததாலேயே குடியுரிமை உள்ளவன். எங்கள் வீட்டிலே நீலக் கார்டுக்கு எந்த வழக்கும் இல்லாமல் உரிமை படைத்தவன் அவன் ஒருவன்தான். அந்த ஆண்டு அவனுக்குப் பன்னிரண்டு வயது. கார்டு எடுக்கவேண்டிய வயது. பிறப்புப் பத்திரம் இல்லை. நகல் எடுக்கப் போனால், தகப்பன் பெயர் ஓரிடத்தில் ஒருவிதமாகவும் வேறிடத்தில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருக்கிறது. "எந்த முனியாண்டி?" என்று கேட்கிறார்கள். இரண்டு ஆண்டுகள் அலைந்தோம். கடைசியில் தோட்டத்து ஆஸ்பத்திரியின் பழைய பேரேட்டைப் புரட்டி, என் தாயார் பெயரையும் பிரசவ நாளையும் கண்டுபிடித்துக் கொடுத்தார் டிரசர் ஒருவர். அந்தப் புண்ணியவானை நாங்கள் இன்றும் நினைக்கிறோம். அந்தப் பேரேடும் அழிந்திருந்தால் தம்பி என்னவாகியிருப்பான் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே தோழர்களே, நான் முதலில் சொல்வது இதுதான். பத்திரங்கள் லாரியில் ஏறக்கூடாது. ஒரு பை, அது உங்கள் தோளில். பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், குடியுரிமைப் பத்திரம், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், சேமநிதிக் கணக்குகள், வீட்டு ஒப்பந்தம், காப்புறுதி, ஆஸ்பத்திரிச் சீட்டு, கிழவர்களின் மருந்து, சங்க அட்டை. எல்லாம் அந்த ஒரு பைக்குள். சாப்பிடும்போதும் பை தோளில்தான். கைத்தொலைபேசியில் படம் பிடித்து வைத்திருக்கிறேன் என்று இளைஞர்கள் சொல்வீர்கள். வையுங்கள், நல்லதுதான். ஆனால் படத்தைக் காட்டினால் "அசல் எங்கே?" என்று கேட்கும் மேசைகள் இன்னும் இருக்கின்றன.

இனி வீட்டுக்கு வருகிறேன்.

நம்மவர் பலருக்கு வீடு என்பது வேலையோடு ஒட்டிய வீடாகவே இருந்தது. தோட்டத்தில் லயம். சிங்கப்பூரிலும் அப்படித்தான், செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர்களுக்குத் தளத்துக் குடியிருப்பு. பிரிட்டிஷார் 1971இல் வெளியேறியபோது வேலையோடு வீட்டைப் பற்றியும் கவலைப்பட்ட குடும்பங்கள் எத்தனை! அதனால்தான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1964இல் வீடுகளை விற்கத் தொடங்கியதும், 1968இல் மத்திய சேமநிதிப் பணத்தைக் கொண்டே வீடு வாங்கலாம் என்றானதும் நமக்குப் பெரிய செய்திகள். 99 ஆண்டுக் குத்தகைதான். ஆனாலும் முதலாளி கோபித்துக்கொண்டார் என்பதற்காக யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டார்கள்.

சாவி கையில் கிடைத்த உடனே சாமான் ஏற்றாதீர்கள். வெறும் வீட்டை ஒருமுறை பகல் வெளிச்சத்தில் பாருங்கள். குளியலறையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டு நில்லுங்கள். மரம் வெட்டியவனுக்குச் சரிவைப் பற்றி யாரும் பாடம் சொல்லவேண்டியதில்லை. கோட்டின் சரிவு தவறினால் பால் மங்குக்குப் போகாமல் பட்டையில் வழிந்துவிடும். தரையும் அப்படியே. தண்ணீர் துவாரத்துக்குப் போகாமல் மூலையில் தேங்கினால் குறித்துக்கொள்ளுங்கள். தரைக் கற்களை ஒரு வெள்ளிக் காசால் தட்டிப் பாருங்கள். உள்ளே பொள்ளல் இருந்தால் சத்தம் வேறாகக் கேட்கும். சன்னல் ஒவ்வொன்றையும் திறந்து மூடுங்கள். குழாய் ஒவ்வொன்றையும் திருகுங்கள். கழகத்தின் புது வீடானால் குறைகளைச் சரிசெய்து தர ஓராண்டு உண்டு; அந்தப் பேட்டையின் கட்டடச் சேவை நிலையத்தில் எழுதிக் கொடுக்கலாம். அலமாரியை வைத்து மறைத்த பிறகு சுவர் வெடிப்பைக் கண்டு என்ன பயன்? இன்னொன்று, புது வீட்டின் குளியலறைக் கல்லை முதல் மூன்றாண்டுகளுக்குப் பெயர்க்கக் கூடாது. அடியில் நீர் கசியாமல் காக்கும் பூச்சு இருக்கிறது. நிறம் பிடிக்கவில்லை என்று அவசரப்பட்டு உடைத்தால் கீழ்வீட்டுக்காரர் தலையில் தண்ணீர் சொட்டும்.

மின்சாரம், தண்ணீர்க் கணக்கை முன்கூட்டியே உங்கள் பெயருக்குத் திறந்துவிடுங்கள். குழாய் வழி எரிவாயுவானால் ஆள் வந்துதான் திறந்துவிடுவார். அதற்கு நாளும் நேரமும் கேட்டு வாங்கவேண்டும், நீங்களும் வீட்டில் இருக்கவேண்டும். என் மூன்றாவது வீட்டில் இதை மறந்தேன். நல்ல நேரம் பார்த்து, மாவிலைத் தோரணம் கட்டி, புதுப் பானையில் பாலை ஊற்றிவிட்டு அடுப்பைத் திருகினால் காற்றுகூட வரவில்லை. காலமெல்லாம் பால் எடுத்த குடும்பம் நாங்கள். ஒரு படி பாலைக் காய்ச்ச அடுத்த வீட்டுச் சீனப் பாட்டியின் அடுப்பைக் கடன் கேட்டோம். பால் அவர் வீட்டில்தான் பொங்கியது. அந்த ஆண்டு அவர் மகனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது என்று என் மனைவி இன்றும் சொல்லிக்காட்டுகிறாள்.

லாரிக்காரரோடு பேசும்போது எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பழைய வீடு எத்தனையாவது மாடி, மின்தூக்கி அந்த மாடியில் நிற்குமா, கனமான சாமான் என்னென்ன, தார்ப்பாய் உண்டா. பழைய அடுக்குமாடிகளில் மின்தூக்கி சில மாடிகளில் மட்டுமே நின்றது. இப்போது பெரும்பாலும் எல்லா மாடியிலும் நிற்கும்படி செய்துவிட்டார்கள் என்றாலும் கேட்டுக்கொள்வது நல்லது. மின்தூக்கிக் கதவின் அகலத்தை அளந்து, அலமாரியின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். கூலியைக் குறுஞ்செய்தியிலாவது எழுத்தில் வாங்குங்கள்.

கூலியை எழுத்தில் வாங்கு என்று சொன்ன அதே வாயால் இதையும் சொல்கிறேன். சாமான் தூக்க வருகிறவன் தொழிலாளி. காண்டாவில் இரண்டு பக்கமும் பால்வாளி தொங்கத் தோள் காய்த்துப்போன பரம்பரை நாம். ஆறு சாமான் என்று சொல்லிவிட்டுப் பத்தை எடுத்து வைத்து, "இதையும் சேர்த்துத் தூக்கப்பா" என்று குழைவது நமக்கு அழகல்ல. கூடினால் கூலியைக் கூட்டிக் கொடுங்கள். தண்ணீரும் தேநீரும் முதல் நடையிலேயே கொடுங்கள், கடைசியில் அல்ல. இடமில்லை என்று பிள்ளைகளையோ வேலையாட்களையோ சாமான் மேல் உட்கார வைத்து அனுப்பாதீர்கள். பிரேக் போட்டால் அலமாரிக்குக் கண் தெரியாது.

மழையைப் பற்றிச் சொல்லவேண்டுமா? மழை பெய்தால் அன்று வெட்டு இல்லை என்று வானத்தைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் வடகிழக்குப் பருவமழை நாட்கணக்கில் பெய்யும். மற்ற மாதங்களில் 'சுமத்ரா' காற்று விடியற்காலையிலோ காலையிலோ வந்து ஓரிரண்டு மணி நேரம் அடித்துவிட்டு ஓயும். அதற்கேற்ப நாளைப் பாருங்கள். தார்ப்பாய் இல்லாத லாரி இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

கட்டுவதில் ஒரே ஒரு தந்திரம்தான் எனக்குத் தெரியும். முதல் இரவுக்கு வேண்டியதைத் தனி மூட்டையாகக் கட்டி, கடைசியாக ஏற்றுங்கள். அது முதலில் இறங்கும். அரிசி, பருப்பு, ஒரு சட்டி, கரண்டி, கத்தி, தீப்பெட்டி, மின்விளக்கு ஒன்றிரண்டு, சோப்பு, துடைப்பம், பாய், ஆளுக்கு ஒரு மாற்றுத்துணி. அன்றிரவு இருபது பெட்டியைப் பிரித்துக் கரண்டி தேடும் வீட்டில்தான் கணவன் மனைவி சண்டை வரும். பார்த்திருக்கிறேன், போட்டும் இருக்கிறேன். பெட்டியின் மேலே மட்டும் எழுதினால் போதாது. பெட்டிகளை அடுக்கிவிட்டால் மேல்பக்கம் தெரியாது, பக்கவாட்டிலும் எழுதுங்கள். குளிர்பெட்டியை நிமிர்த்தியே கொண்டுபோங்கள். சாய்க்க நேர்ந்தால் சில மணி நேரம் நிறுத்திவைத்த பிறகே மின்சாரம் கொடுங்கள்.

வேண்டாத கட்டிலையும் மெத்தையையும் தாழ்வாரத்தில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். நகர மன்றத்துக்குத் தொலைபேசியில் சொன்னால் வந்து எடுத்துப்போவார்கள். தாழ்வாரம் நெருப்புப் பிடித்தால் மக்கள் ஓடும் வழி; குறைந்தது 1.2 மீட்டராவது திறந்திருக்கவேண்டும். நெருப்பு என்றதும் 1961ஆம் ஆண்டு மே 25ஆம் தேதி நினைவுக்கு வருகிறது. புக்கிட் ஹோ சுவீயில் பிடித்த தீயில் ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தார்கள். அவர்களுக்குக் குடிபோகும் நாள் என்று நாள் பார்க்க நேரமா இருந்தது? இன்று கழகத்தில் கடன் வாங்கி வீடு வாங்குகிறவர்கள் தீக்காப்புறுதி எடுத்தே ஆகவேண்டும். ஆனால் கவனியுங்கள், அது கட்டடத்துக்குத்தான். உங்கள் கட்டிலுக்கும் சேலைக்கும் அல்ல. அவற்றுக்கு வேண்டுமானால் தனியாக எடுக்கவேண்டும்.

வாடகைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் இரண்டு வார்த்தை. பாலம் தாண்டி இங்கே வேலைக்கு வந்து அறை எடுப்பவர்கள் நம்மவரில் பலர். கழக வீட்டில் அறை எடுத்தால், உரிமையாளர் கழகத்தின் அனுமதி வாங்கியிருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். குறைந்தது ஆறு மாதத்துக்குத்தான் வாடகைக்கு விடலாம். ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டவேண்டும். முன்பணம் கொடுத்தால் ரசீது. நுழைந்த அன்றே சுவரையும் மெத்தையையும் படம் பிடித்துவைத்தால், போகும் நாளில் "இந்தக் கறை நீ வைத்தது" என்ற வழக்கு வராது.

இப்போது நான் செய்ததிலேயே பெரிய பிழையைச் சொல்கிறேன். அதற்கும் லாரிக்கும் சம்பந்தமில்லை.

1985இல் நாங்கள் பத்தாவது மாடி வீட்டுக்குப் போனபோது என் தாயாரும் எங்களோடு வந்தார். லயத்தில் வாழ்ந்தவருக்கு வழி என்றால் மாமரம், குழாயடி, மாரியம்மன் கோயில், ஒட்டுப்பால் வாடை. கண்ணைக் கட்டிவிட்டாலும் வீடு சேருவார். குடிபோன அன்று மாலை நாங்கள் எல்லாரும் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தோம். வெற்றிலை தீர்ந்துவிட்டது என்று அவர் யாரிடமும் சொல்லாமல் கீழே இறங்கினார். நாங்கள் கவனிக்கவில்லை. எட்டு மணிக்குத்தான் "அம்மா எங்கே?" என்றாள் என் மனைவி. ஒரே நிறம், ஒரே உயரம், ஒரே மாதிரிப் படிக்கட்டு. வரிசையாக எத்தனை கட்டடம்! ஒவ்வொன்றாய் ஓடினேன். நான்காவது கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஒரு மலாய் அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் மலாயில் கேட்க, இவர் தோட்டத்து மலாயில் பதில் சொல்ல, "மகன் வருவான்" என்று இருவரும் காத்திருந்திருக்கிறார்கள். அம்மா அழவில்லை. "எல்லா வீடும் ஒரே வீடாயிருக்கு தம்பி" என்றார். அதன்பிறகு ஆறு மாதம் அவர் தனியாகக் கீழே இறங்கவே இல்லை.

பெட்டிகள் காத்திருந்திருக்கும். அன்று நான் செய்திருக்க வேண்டியது, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே போய், கடைக்கும் திரும்ப வீட்டுக்கும் மூன்று முறை நடந்து வந்திருப்பது. கட்டட எண்ணைக் காட்டி, மின்தூக்கிப் பொத்தானை அவர் விரலாலேயே அமுக்கவைத்து, கட்டட எண், மாடி, தொலைபேசி எண் மூன்றையும் ஒரு துண்டில் எழுதி வெற்றிலைப் பைக்குள் வைத்திருப்பது. அரைமணி நேர வேலை. பிறகுதான் இதைச் செய்தேன். கதவிலே சிவப்பு நாடா ஒன்று கட்டினேன். தாழ்வாரத்தில் எங்கள் வீட்டை அவர் அதை வைத்தே அடையாளம் கண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவுக்குக் கூட்டிவந்து பஃபலோ ரோட்டில் வெற்றிலை வாங்கிக் கொடுத்தால்தான் அவர் முகத்தில் வெளிச்சம் வரும்.

அண்டை வீட்டாரைப் பற்றியும் அதனால்தான் சொல்கிறேன். லயத்தில் அடுத்த வீட்டுக் குழம்பு என்னவென்று சுவருக்கு இப்பால் தெரியும். இங்கே 1989ஆம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு கட்டடத்திலும் எல்லா இனத்தாரும் கலந்திருக்கவேண்டும் என்று விகிதம் வைத்திருக்கிறார்கள். உங்கள் பக்கத்து வீட்டில் தமிழ் தெரிந்தவர் இருக்கமாட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். குடிபோகும் நாளுக்கு முன்பே போய்க் கதவைத் தட்டி, "இந்தத் தேதியில் வருகிறோம், சத்தம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். விடியற்காலை நாலரை மணிக்கு ஓமம் வளர்ப்பதானால் புகையையும் மணியையும் பற்றி முன்னதாகச் சொல்லுங்கள். ஓமத்தைச் சிறியதாக வையுங்கள். புகை போகச் சன்னலைத் திறந்துவிடுங்கள். பலகாரம் கொடுக்கும்போது மலாய்க் குடும்பத்துக்கு எது ஆகும், எது ஆகாது என்று கேட்டுக் கொடுங்கள். நான் பழம் கொடுத்துவிடுவேன். அதில் வம்பே இல்லை.

கடைசியாக, முகவரி. குடிபோன 28 நாட்களுக்குள் புது முகவரியைக் குடிநுழைவு ஆணையத்தில் பதியவேண்டும்; இது சட்டம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வங்கி, வேலையிடம் எல்லாவற்றுக்கும் தனித்தனியே சொல்லுங்கள். சங்கத்துக்கும் சொல்லுங்கள் ஐயா! நம் பத்திரிகை பழைய வீட்டுக்கே போய்க்கொண்டிருந்தால், அங்கே புதிதாக வந்தவர் அதில் மீன் பொட்டலம் கட்டிக்கொண்டிருப்பார்.

தேநீர் வந்துவிட்டது, செயலாளரும் கடிகாரத்தைப் பார்க்கிறார். அடுத்த மாதம் குடிபோகிறவர்கள் மூவர் இங்கே இருப்பதாகச் சொன்னார். அவர்கள் மட்டும் போகுமுன் என்னிடம் வந்து நாளையும் நேரத்தையும் சொல்லிவிட்டுப் போங்கள். என்னிடம் பெரிய தார்ப்பாய் ஒன்று இருக்கிறது. திருப்பிக் கொடுத்தால் போதும்.